கராஜ் கான்கிரீட் தளம்: சுத்தம் செய்வதிலிருந்து பூச்சு காயும்வரை முழுமையான வழிகாட்டி

பூச்சு போட்ட கராஜ் தளம் எங்கே முதலில் உரியும் என்று பார்த்தால், பெரும்பாலும் டயர்கள் உட்காரும் நான்கு இடங்கள்தான். ஓடிவந்த டயர் சூடாக இருக்கும். ரப்பரில் கலந்திருக்கும் இளக்கும் ரசாயனங்கள் பூச்சுக்குள் இறங்கி அதை மெத்தென்று ஆக்கும். டயர் ஆறிச் சுருங்கும்போது பூச்சையும் பற்றி இழுக்கும். பூச்சு கான்கிரீட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தால் இதனால் ஒன்றும் ஆகாது. பிடிமானம் குறைவாக இருந்தால், காலையில் வண்டியை எடுக்கும்போது டயர் அளவுக்கு ஒரு பொருக்கு கூடவே கிளம்பும். எவ்வளவு உயர்ந்த பெயிண்ட் வாங்கினோம் என்பது அப்போது கணக்கில் வராது.

ஆகவே இந்த வழிகாட்டியில் பூச்சைவிட அதற்கு முந்தைய வேலைக்குத்தான் இடம் அதிகம். 'ஒரே வார இறுதியில் புதுத் தளம்' என்று டப்பாக்களில் போட்டிருப்பதை நம்பித் திட்டமிடாதீர்கள். பூச்சு அடிப்பது சில மணி நேர வேலை. தளத்தை அதற்குத் தயாராக்குவதும் காயவிடுவதும்தான் நாட்களை விழுங்கும்.

முதலில் தளத்தைச் சோதியுங்கள்

கராஜை முழுதாகக் காலி செய்துவிட்டுப் பெருக்குங்கள். பிறகு நான்கு சோதனைகள். எதற்கும் பெரிய கருவி வேண்டாம்.

ஒன்று, தண்ணீர்ச் சோதனை. தளத்தில் ஐந்தாறு இடங்களில் ஒரு கரண்டித் தண்ணீர் விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் கான்கிரீட் அதைக் குடித்து நிறம் மாறினால் துளைகள் திறந்திருக்கின்றன, நல்லது. முத்து முத்தாக நின்றால் அங்கே பழைய சீலரோ (தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பூச்சு) எண்ணெயோ இருக்கிறது. தளம் முழுவதும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்; எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு பதிலும் சுவரோரத்தில் வேறு பதிலும் வரும்.

இரண்டு, கீறல் சோதனை. ஒரு ஆணியால் அழுத்திக் கீறுங்கள். வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் பரவாயில்லை. மாவு மாவாக உதிர்ந்தால் மேலே இருப்பது சிமெண்ட் பால் காய்ந்த பலவீனமான படலம். கான்கிரீட் போட்ட அன்று தண்ணீர் அதிகமாகக் கலந்திருந்தாலோ, மேலே ஊறிய தண்ணீரோடு சேர்த்துத் தேய்த்திருந்தாலோ இப்படி ஆகும். இதன்மேல் என்ன பூசினாலும் அது அந்த மாவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்; மாவு கிளம்பும்போது பூச்சும் கிளம்பும்.

மூன்று, தட்டிப் பார்ப்பது. சுத்தியலின் பின்புறத்தால் பரவலாகத் தட்டுங்கள். 'டங்' என்று கெட்டியாகக் கேட்க வேண்டும். 'டொப்' என்று பொக்காகக் கேட்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள். அவற்றைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் மேலே போக முடியும்.

நான்காவது ஓதச் சோதனை, அதாவது அடியிலிருந்து ஏறும் ஈரத்துக்கான சோதனை. இதைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். மண்ணிலிருந்து ஈரம் ஆவியாகக் கான்கிரீட் வழியே எப்போதும் மேலே வந்துகொண்டிருக்கும். தளத்துக்கு அடியில் பாலித்தீன் தடுப்பு விரித்திருந்தால் குறைவாக வரும், இல்லையென்றால் அதிகம். திறந்த தளத்தில் அது காற்றோடு போய்விடுவதால் கண்ணுக்குத் தெரியாது. மேலே காற்றுப் போகாத பூச்சு விழுந்ததும் ஆவி அடியில் தேங்கி, கொப்புளமாகத் தள்ளும்.

45 செ.மீ. சதுரத்துக்குக் கனமான, தெளிவான பாலித்தீன் ஷீட் எடுத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பிரியுங்கள். ஷீட்டின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, அந்த இடத்துக் கான்கிரீட் மட்டும் கறுத்திருந்தாலோ ஓதம் இருக்கிறது என்று பொருள். சுவரோரம், நடு, கதவருகே என்று மூன்று நான்கு இடங்களில் ஒட்டிப் பாருங்கள். இந்தச் சோதனை 'ஈரம் இருக்கிறது' என்று சொன்னால் நம்பலாம்; 'இல்லை' என்று சொன்னால் அவ்வளவு உறுதியாக நம்ப முடியாது. வறண்ட பருவத்தில் நன்றாகத் தெரிந்த தளம் மழைக்காலத்தில் வேறு முகம் காட்டும். சந்தேகம் இருந்தால் கால்சியம் குளோரைடு கிட் வைத்து 60 முதல் 72 மணி நேரத்தில் அளவாகவே பார்க்கலாம். பல பூச்சுகளுக்குச் சொல்லப்படும் பழைய வரம்பு, சதுர மீட்டருக்கு 24 மணி நேரத்தில் சுமார் 15 கிராம் ஆவி. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் தளத்தில் துளையிட்டு, கனத்தில் 40 சதவீத ஆழத்தில் உணர்கருவியைப் பொருத்தி உள் ஈரப்பதத்தை அளக்கும் முறை இருக்கிறது. வரம்பு எவ்வளவு என்பது நீங்கள் வாங்கும் பூச்சின் தகவல் தாளில் இருக்கும்.

சுவரோரங்களில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், கிட் எதுவும் தேவையே இல்லை. தண்ணீர் வந்துபோகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

புதிதாகப் போட்ட கான்கிரீட் என்றால் 28 நாள் கணக்கு எல்லோருக்கும் தெரியும். அது வலிமை ஏறுவதற்கான கணக்கு. ஈரம் வடிவது தனிக் கதை: ஒரு பக்கம் மட்டும் காயும் தளத்துக்கு 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்று கட்டுமானத்தில் தோராயமாகச் சொல்வார்கள். 100 மி.மீ. தளம் என்றால் நான்கு மாதம். 28 நாள் முடிந்த மறுநாளே எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து அடிக்கும் கெட்டியான பூச்சு) டப்பாவைத் திறப்பவர்கள் முதல் கணக்கோடு நின்றுவிட்டவர்கள்.

எந்தப் பூச்சு?

சோதனை முடிந்த பிறகுதான் இந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. கடையில் அட்டையைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுத்துவிட்டு வந்து தளத்தைப் பார்ப்பது தலைகீழ் வேலை.

ஓதம் இருக்கும் தளத்துக்கு என் பரிந்துரை: படலமாகப் படியும் எதையும் போடாதீர்கள். சிலேன், சிலாக்சேன் வகை ஊடுருவும் சீலர்கள் துளைச் சுவர்களில் ஒட்டித் தண்ணீரைத் தள்ளும், ஆனால் ஆவியை வெளியே விடும். உரிந்து வர அங்கே படலமே இல்லை. பளபளப்பு வராது, நிறமும் மாறாது. தூசி உதிர்வதுதான் முதல் பிரச்சினை என்றால் சோடியம் அல்லது லித்தியம் சிலிக்கேட் கெட்டியாக்கி போடலாம்; அது கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து மேற்பரப்பை இறுக்கும். கராஜில் கார் நிறுத்துவதைத் தவிர வேறு பெரிய வேலை இல்லாதவர்களுக்கு, ஓதம் இல்லாத தளத்தில்கூட இதுவே போதும் என்பது என் எண்ணம். பளபளக்கும் படங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது சப்பென்றுதான் இருக்கும்.

அக்ரிலிக் சீலர் அடிப்பது சுலபம், விலையும் குறைவு. ஆனால் சூடான டயருக்கும் பெட்ரோலுக்கும் தாங்காது. ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.

எபாக்ஸி இரண்டு வகை. தண்ணீர் கலந்தது அடிக்க எளிது, மெல்லியது. நூறு சதவீத திடப்பொருள் கொண்டது கனமாகப் படியும், கண்ணாடி போல் நிற்கும், வேகமாக இறுகும். எண்ணெய், பிரேக் திரவம், கீழே விழும் ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் இரண்டாவதே நன்றாகத் தாங்கும். எபாக்ஸிக்கு ஒரு பலவீனம் வெயில். கதவு திறந்திருக்கும்போது ஒளி படும் பகுதி சில மாதங்களிலேயே மஞ்சளாகத் தொடங்கும். அதனால்தான் மேலே அலிஃபாட்டிக் பாலியூரிதேன் ஒரு கோட் கொடுப்பது வழக்கம். அது மஞ்சளாகாது, கீறலுக்கும் எபாக்ஸியைவிட நன்றாகத் தாங்கும். பாலியாஸ்பார்ட்டிக் என்று இன்னொன்று உண்டு. ஒரே நாளில் முடியும், வெயிலுக்கும் அசையாது. ஆனால் கலந்த சில நிமிடங்களில் இறுகத் தொடங்கிவிடும். முதல் தடவை ரோலர் பிடிப்பவர்களுக்கு அது வேண்டாம்.

இனி வரும் படிகள் எபாக்ஸி போடுபவர்களை மனதில் வைத்து எழுதியவை. ஊடுருவும் சீலர் போடுபவர்கள் சுத்தம், விரிசல் வரை இதையே பின்பற்றி, மணியைப் பார்க்காமல் நிதானமாக அடித்து முடிக்கலாம்.

எண்ணெய்க் கறை

பூச்சு பிடிக்கும்படி தளத்தை உரசுவதற்கோ அமிலம் வைப்பதற்கோ முன்பே எண்ணெய் போக வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் கிரைண்டர் எண்ணெயைத் தளம் முழுக்கப் பரப்பிவிடும். அமிலமோ எண்ணெயைத் தாண்டி உள்ளே போகவே போகாது.

புதுக் கறைக்கு டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) ஊற்றி, கடினமான நைலான் பிரஷால் தேய்த்து, சூடான தண்ணீரில் கழுவினால் போதும். கழுவிய தண்ணீரை வாக்குவமால் உறிஞ்சி எடுங்கள். அப்படியே கதவுப் பக்கம் தள்ளிவிட்டால் எண்ணெய் வாசல்வரை பரவும், சாக்கடையிலும் போய்ச் சேரும்.

வருடக்கணக்கில் ஊறிய கறைக்குப் பற்றுப் போட வேண்டும். உறிஞ்சும் களிமண் தூளை டீகிரீசரிலோ கரைப்பானிலோ குழைத்து, விரல் கனத்துக்கு அப்பி, மேலே பாலித்தீன் மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு ஷீட்டை எடுத்துக் காயவிட்டால், காயும்போது தூள் எண்ணெயை மேலே இழுக்கும். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தண்ணீர்ச் சோதனை. தண்ணீர் இன்னும் முத்தாக நின்றால் இன்னொரு பற்று. சில இடங்கள் மூன்று பற்றுக்கும் மசியாது. எண்ணெய் அவ்வளவு ஆழத்தில் இறங்கியிருக்கும். அங்கே கான்கிரீட்டைக் கொத்தி எடுத்துப் புதிதாக நிரப்புவது, அல்லது எண்ணெய் ஊறிய பரப்புக்கென்றே வரும் பிரைமர் போடுவது, இரண்டில் ஒன்று.

கரைப்பான் பயன்படுத்தும் நாட்களில் கராஜுக்குள் இருக்கும் கேஸ் ஹீட்டர், தண்ணீர் ஹீட்டர் எல்லாவற்றின் சுடரையும் அணைத்துவிடுங்கள். கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு ஊர்ந்து சுடரைத் தேடிப் போகும்.

உரசுவதா, அமிலமா?

பூச்சு பிடிக்க மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும். இந்தச் சொரசொரப்பை 1 முதல் 10 வரை எண் கொடுத்து அளக்கிறார்கள். 1 கிட்டத்தட்ட வழவழ; 10 சரளைக்கல் தலை நீட்டும் அளவு கரடு. வீட்டுக் கராஜில் ரோலரால் அடிக்கும் பூச்சுக்கு 2 அல்லது 3 போதும். தொட்டுப் பார்த்தால் 80 முதல் 120 நம்பர் உப்புத்தாள் போலத் தெரிய வேண்டும்.

என் தேர்வு எப்போதும் டயமண்ட் கிரைண்டர்தான். நடந்துகொண்டே தள்ளும் மெஷின் வாடகைக்குக் கிடைக்கும். சாதாரணக் கான்கிரீட்டுக்கு 30 நம்பர் அளவில் உள்ள டயமண்ட் கட்டைகள் சரியாக இருக்கும். பழைய பெயிண்டை எடுக்க 16 நம்பர் போல இன்னும் கரடானது வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தாமல், ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதியைத் தொட்டபடி ஓட்டுங்கள். முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்கே. மெஷின் சுவர் அருகே போகாது; அந்த ஓரங்களுக்குக் கைக் கிரைண்டரில் கப் வீலும் தூசி உறையும் மாட்டி உரச வேண்டும். முழங்காலில் உட்கார்ந்து செய்யும் இந்த ஓர வேலைதான் சலிப்பானது. விட்டுவிட்டால் பூச்சு அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

தூசி பற்றி ஒரு வார்த்தை. கான்கிரீட் தூளில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா துகள் இருக்கிறது. அது நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைக் கொண்டுவரும், வந்தால் குணமாகாது. துணி மாஸ்க் இதற்கு உதவாது. குறைந்தது என்95, முடிந்தால் பி100 ஃபில்டர் மாட்டிய அரைமுக மாஸ்க், கூடவே ஹெபா ஃபில்டர் உள்ள வாக்குவம் கிளீனர் மெஷினோடு இணைந்திருக்க வேண்டும். தூசியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். பழைய வீட்டின் கராஜில் டைல்ஸோ கறுப்புப் பசையோ ஒட்டியிருந்தால் உரசுவதற்கு முன் நிறுத்துங்கள். பழைய தரை ஓடுகளிலும் பசைகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் உண்டு. ஒரு துண்டைப் பரிசோதனைக்குக் கொடுத்து இல்லையென்று உறுதியான பிறகு தொடுங்கள்.

மெஷின் கிடைக்கவே இல்லை, தளமும் பூச்சு எதுவும் இல்லாத வெறும் கான்கிரீட் என்றால் அமிலம் வைக்கலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மலிவு. ஆனால் அதன் புகை மூச்சை அடைக்கும், கராஜில் உள்ள இரும்பையெல்லாம் துருப்பிடிக்க வைக்கும். சல்ஃபாமிக், சிட்ரிக் அமிலங்களை வைத்து வரும் தயாரிப்புகள் அதைவிடச் சாது. எதுவானாலும் வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் அமிலம். இதை மாற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். ஹைட்ரோகுளோரிக் என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் என்ற அளவில் தொடங்கலாம். பாட்டிலில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி, அமிலப் புகைக்கான ஃபில்டர் மாஸ்க் எல்லாம் அவசியம்.

தளத்தை நனைத்து, தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் பூவாளியால் சீராகத் தெளியுங்கள். உடனே நுரைக்க வேண்டும். நுரைக்காத இடத்தில் சீலர் இருக்கிறது. அங்கே அமிலத்தால் பயனில்லை. பிரஷால் தேய்த்து, காய்வதற்குள் கழுவி, சமையல் சோடா கரைத்த நீரை ஊற்றி அமிலத்தை முறித்து, மறுபடி இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். கடைசியாகக் கழுவிய நீரைப் பிஎச் தாளில் பாருங்கள். குழாய்த் தண்ணீர் காட்டும் எண்ணுக்குக் கிட்டே வர வேண்டும். அமிலம் வைத்த தளம் தண்ணீர் குடித்த தளம். நன்றாகக் காய்ந்த பிறகு பாலித்தீன் சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள்.

விரிசலும் இணைப்புக் கோடும்

ஒரு தடவை உரசிய பிறகுதான் விரிசல்கள் எல்லாம் தெளிவாகத் தெரியும். நிரப்பியதும் அந்த இடங்களை மட்டும் மறுபடி உரசி மட்டமாக்க வேண்டும்.

விரிசல் அசைகிறதா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்து, வருடக்கணக்கில் அகலம் மாறாமல் இருந்தால் அது தூங்கும் விரிசல்; பயமில்லை. ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அடியில் மண் இறங்குகிறது. அதை எந்தப் பூச்சாலும் சரிசெய்ய முடியாது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மேலே மூடுவது பணத்தைப் புதைப்பது. சந்தேகமிருந்தால் விரிசலின் இருபுறமும் பென்சில் குறியிட்டு இடைவெளியை அளந்து வைத்து, சில மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

தூங்கும் விரிசலை டயமண்ட் பிளேடால் சற்று அகலமாக்கி, உதிரிகளை வாக்குவமால் எடுத்துவிட்டு, எபாக்ஸி அல்லது பாலியூரியா நிரப்பியை ஊற்றுங்கள். பூசி மெழுகுவதற்குப் பதில் அகலமாக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மயிரிழை விரிசலின் வாயில் நிரப்பி உட்கார இடமில்லை. மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், பிறகு கிளம்பும். ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மெல்லிய மணலைத் தூவினால் மேல்பூச்சு பிடிக்கச் சொரசொரப்பும் கிடைக்கும். குழிகளுக்கு எபாக்ஸி மணல் கலவையோ பாலிமர் கலந்த சிமெண்ட் கலவையோ சரிவரும். சிமெண்ட் வகை என்றால் அதுவும் காய நாள் கேட்கும்.

தளத்தில் நேர்கோடாக வெட்டியிருக்கும் இணைப்புகள் அலங்காரம் அல்ல. கான்கிரீட் சுருங்கும்போது வெடிப்பு அந்தக் கோட்டிலேயே ஒளிந்து விழட்டும் என்று விட்டவை. தளம் ஒரே பரப்பாகத் தெரிய வேண்டும் என்று அவற்றைக் கல்லாக இறுகும் எபாக்ஸியால் அடைத்தால், அசைவு வேறு வழி பார்த்துப் பக்கத்திலேயே புது விரிசல் போடும். நிரப்பியே ஆக வேண்டுமென்றால் ஓரளவு வளையும் பாலியூரியா நிரப்பி. சுவரையும் தளத்தையும் பிரிக்கும் இடைவெளியில் அதைவிட மெத்தென்ற சீலன்ட். மேல்பூச்சில் கோடு மெலிதாகத் தெரியத்தான் செய்யும். தெரியட்டும்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் இப்போதே பாருங்கள். கராஜ் தளம் கதவை நோக்கியோ வடிகாலை நோக்கியோ வாட்டமாக இருக்க வேண்டும். மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. இறக்கம் போதும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். பள்ளத்தைப் பூச்சுக்கு முன்பே நிரப்புங்கள்.

எவ்வளவு வாங்க வேண்டும்?

ஒரு லிட்டர் பூச்சை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் 1,000 மைக்ரான் கனம், அதாவது 1 மி.மீ. வரும். இதை நினைவில் வைத்தால் எந்த டப்பாவின் கணக்கையும் சரிபார்க்கலாம். 6 மீட்டருக்கு 6 மீட்டர் கராஜ் 36 சதுர மீட்டர். நூறு சதவீத எபாக்ஸியை 250 மைக்ரான் கனத்தில் போட 9 லிட்டர் வேண்டும். அதே 9 லிட்டர் தண்ணீர் கலந்த எபாக்ஸியில் பாதிதான் திடப்பொருள் என்றால், காய்ந்த பிறகு மிஞ்சுவது 125 மைக்ரான். இரண்டு டப்பாவின் விலையை ஒப்பிடும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், மலிவானது என்று நினைத்தது சில சமயம் மலிவாக இருக்காது. உரசிய தளம் முதல் கோட்டைக் கொஞ்சம் குடிக்கும். பத்து சதவீதம் கூட்டி வாங்குங்கள். நிறப் பூச்சு என்றால் எல்லா டப்பாவிலும் ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

பூச்சு போடும் நாள்

வானிலையை வெப்பமானியால் மட்டும் பார்த்தால் போதாது. தளத்தின் வெப்பம் பனிப்புள்ளியைவிட (காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் தளத்தில் படியும். உதாரணமாக, காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிப்புள்ளி சுமார் 24 டிகிரி. தளம் 25 டிகிரியில் குளிர்ந்து கிடந்தால் அன்று வேலையைத் தள்ளிப்போடுங்கள். பெரும்பாலான எபாக்ஸிக்கு 10 முதல் 30 டிகிரி வரை வசதி. 85 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் கூடாது.

நேரத்தைப் பொறுத்தவரை மாலையே நல்லது. காலையில் தளம் சூடேறும்போது துளைகளில் உள்ள காற்று விரிந்து மேலே வந்து, ஈரப் பூச்சில் குமிழிகளும் ஊசித் துளைகளும் போடும். மாலையில் தளம் ஆறும்போது காற்று உள்ளே சுருங்கும். பூச்சும் துளைக்குள் இறங்கும்.

கதவை மூடினால் அதன் அடிவிளிம்பு எங்கே தொடுகிறதோ, அந்தக் கோட்டோடு பூச்சை நிறுத்தும்படி டேப் ஒட்டுங்கள். அதற்கு வெளியே நீட்டினால் வெயிலும் மழையும் அந்த விளிம்பைத்தான் முதலில் பிடிக்கும். தளத்தைக் கடைசியாக ஒரு தடவை வாக்குவம் செய்து, கறுப்புத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி வெளுத்தால் இன்னொரு தடவை. புது ரோலரில் உதிரும் நூலை டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்துவிடுங்கள்.

எபாக்ஸியில் ஏ, பி என்று இரண்டு பாகம். ஏ ரெசின், பி அதை இறுக வைக்கும் ஹார்டனர். கலக்கும் விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். இரண்டுக்கு ஒன்று என்பது பொதுவாகக் காணப்படுவது. பெயிண்ட் காயவில்லை என்றால் ஹார்டனர் கூட்டலாமே என்ற யோசனையை இங்கே மறந்துவிடுங்கள். விகிதம் தவறினால் அந்தக் கலவை என்றைக்கும் முழுதாக இறுகாது. ட்ரில்லில் கலக்கும் துடுப்பு மாட்டி, மெதுவான வேகத்தில், பக்கமும் அடியும் வழித்தபடி மூன்று நிமிடம் கலக்குங்கள். பிறகு வேறொரு சுத்தமான வாளிக்கு மாற்றி இன்னொரு நிமிடம். முதல் வாளியின் சுவரில் ஒட்டியிருப்பது சரியாகக் கலக்காத ரெசின். அதைச் சிக்கனம் பார்த்து வழித்துத் தளத்தில் போட்டால் அங்கே மட்டும் பிசுபிசுவென்றே நிற்கும்.

கலந்தவுடன் வாளியில் வைத்திருக்காதீர்கள். இறுகும் வினை சூட்டைக் கிளப்பும், சூடு வினையை வேகப்படுத்தும். வாளியில் மொத்தமாக இருந்தால் சில நிமிடத்தில் புகைந்து கல்லாகிவிடும். உடனே தளத்தில் பட்டை பட்டையாக ஊற்றிப் பரப்பினால் சூடு பிரிந்து, வேலை செய்ய நேரம் கிடைக்கும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகும்.

இருவராக வேலை செய்யுங்கள். ஒருவர் ஓரங்களைப் பிரஷால் வெட்டிக்கொண்டே போக, மற்றவர் உள் மூலையில் தொடங்கிப் பற்கள் உள்ள ஸ்குவீஜியால் (ரப்பர் விளிம்புள்ள தள்ளுகட்டை) இழுத்து, 9 மி.மீ. ரோமமுள்ள ரோலரால் குறுக்கே உருட்டிச் சமன் செய்யட்டும். கால் வைக்க வேண்டுமென்றால் ஆணி முளைத்த காலணி போட்டுக்கொண்டு ஈரத்தின்மேலேயே நடக்கலாம்; தடம் தானாக மூடிக்கொள்ளும். முந்தைய பட்டையின் விளிம்பு ஈரமாக இருக்கும்போதே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். வெளியேறும் வழி கதவு என்பதை மறக்காதீர்கள். மூலையில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

வண்ணச் செதில்கள் தூவ விரும்பினால் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, செதில்களை மேல்நோக்கி வீசி மழைபோல் விழவிடுங்கள். கையால் கீழ்நோக்கி வீசினால் கொத்துக் கொத்தாக விழும். தளம் முழுதும் மறையும்வரை தூவுவது வேலை கூட, ஆனால் சின்னச் சின்னக் குறைகளை அது நன்றாக மூடும். மறுநாள் தளர்ந்த செதில்களைச் சுரண்டி, வாக்குவம் செய்து, மேல்பூச்சு கொடுக்க வேண்டும்.

இரண்டாவது கோட்டுக்கு ஒரு காலவரம்பு இருக்கிறது, பல தயாரிப்புகளில் 24 மணி நேரம். அதற்குள் அடித்தால் இரண்டு கோட்டும் ரசாயனமாகவே பிணையும். தாண்டிவிட்டால் 100 அல்லது 120 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்துவிட்டு அடியுங்கள். ஈரக் காற்றில் இறுகிய எபாக்ஸியின் மேலே சில சமயம் மெழுகுபோல ஒரு படலம் பூக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிட்டுத்தான் அடுத்தது. கடைசிக் கோட்டில் அலுமினியம் ஆக்சைடு துகள் கலந்துகொள்ளுங்கள். ஈர டயரோடு வண்டி வந்து நின்ற பிறகு, வழவழப்பான எபாக்ஸியில் செருப்போடு நடந்தால் வழுக்கும்.

காயவிடுவதும் பிறகும்

நடக்க ஒரு நாள். பெட்டிகள், அலமாரிகள் வைக்க மூன்று நாள். காரை ஏற்ற ஏழு நாள். குளிர்ந்த இடமென்றால் இன்னும் கூட. மூன்றாம் நாளே கல் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். தொடுவதற்குக் கெட்டியாக இருப்பது ஒன்று, முழுதாக இறுகுவது வேறு. மேலே சொன்ன டயர் கதை இந்த அவசரத்தாலும் நடக்கும்.

பராமரிப்பு சுலபம். மண்ணும் மணலும்தான் பளபளப்பைத் தின்னும். மெத்தென்ற மாப்பால் அடிக்கடி தள்ளிவிடுங்கள். கழுவ அமிலமோ காரமோ இல்லாத சோப்பு. வினிகரும் எலுமிச்சை வகைக் கிளீனரும் நாளடைவில் பளபளப்பை மங்கடிக்கும். பிரேக் திரவமும் பேட்டரி அமிலமும் சிந்தினால் உடனே துடையுங்கள். ஜாக்கி வைக்கும்போது அடியில் ஒரு பிளைவுட் துண்டு போடுங்கள். வெல்டிங் பொறி எந்தப் பூச்சையும் பொத்தலாக்கும் என்பதால் அந்த வேலையை வெளியே வைத்துக்கொள்வது நல்லது.

எங்காவது பெயர்ந்தால் முழுத் தளத்தையும் கிளற வேண்டாம். பெயர்ந்த இடத்தைச் சுற்றிக் கத்தியால் சுரண்டிக்கொண்டே போய், கெட்டியாகப் பிடித்திருக்கும் விளிம்பு வந்ததும் நிறுத்துங்கள். அந்த விளிம்பை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, நடுவில் தெரியும் கான்கிரீட்டையும் உரசி, தூசி எடுத்து, கலவையைச் சின்ன அளவில் கலந்து பூசுங்கள். நிறம் சற்று வித்தியாசமாகத் தெரியும். செதில் தூவிய தளமென்றால் அதுவும் தெரியாது. அதற்காகவே வாங்கியதில் ஒரு கைப்பிடிச் செதிலை மிச்சம் பிடித்து, டப்பாவின் மேல் தொகுதி எண்ணையும் எழுதி அலமாரியில் வைத்துவிடுங்கள்.